சிங்கப்பூரில் பழைய கிட்டார் ஆம்ப்புக்கு (ஒலிபெருக்கிக்கு) நாப் (திருகும் குமிழ்) தேடி அலைந்தவர்கள் வாங்க, சொல்லுங்க

காலாங் கிட்டார்:

அப்பாவின் ஃபெண்டர் ஆம்ப்பில் பேஸ் நாப் மட்டும் இல்லை. எழுபதுகளில் கல்யாண வீட்டு மெல்லிசைக்கெல்லாம் போய்வந்த ஆம்ப் அது. நாப் தொலைந்த பிறகு அப்பா குறடு வைத்தே திருப்பியிருக்கிறார். நாப் மாட்டும் தண்டின் நுனி முழுக்கக் குறட்டுப் பல் பதிந்த தடம்.

இரண்டு வருடத்துக்கு முன் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் சிம் லிம் டவர் போனேன். கையில் நாப் இல்லை, கைபேசியில் முன்பக்கப் படம் மட்டும்தான். ஒரு சின்னக் கடையில் வயதான சீன அங்கிள் படத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு மைலோ டின்னைக் கொண்டுவந்து கண்ணாடி மேசைமேல் கவிழ்த்தார். நூறு நாப்பாவது இருக்கும். ஒற்றை விரலால் தள்ளித் தள்ளி இரண்டைப் பிரித்து வைத்தார். இரண்டும் அச்சு அசல் அப்பாவுடையது. கறுப்பு, அடிவிளிம்பில் வெள்ளையில் 1 முதல் 10 வரை எண். கவிழ்த்துக் காட்டினார். ஒன்றில் பித்தளைத் துளை, பக்கத்தில் சின்ன ஸ்க்ரூ. மற்றதில் வெறும் பிளாஸ்டிக் பல்.

"உன் தண்டு முழுசா, நடுவில் பிளந்ததா?"

எனக்குத் தெரியவில்லை. பார்த்துவிட்டு வா என்று இரண்டையும் டின்னுக்குள் போட்டுவிட்டார். தலா 3 வெள்ளி. இரண்டையுமே வாங்கியிருக்கலாம். வீட்டுக்கு வந்து பார்த்தேன், முழுத் தண்டு. அடுத்தடுத்து வேலை, போக முடியவில்லை. இரண்டு மாதம் கழித்துப் போனால் கடை இல்லை. அங்கிள் ஓய்வுபெற்றுவிட்டார், சாமான்களை யாரோ மொத்தமாக எடுத்துப்போனார்கள் என்றார் பக்கத்துக் கடைக்காரர். அந்தப் பித்தளை நாப்பை என் விரலால் தொட்டேன். அதுதான் ஆறவில்லை.

தோ பாயோ அக்கா:

தம்பி, என்னுடையது சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை. 2017 ஜூலை 10ஆம் தேதியோடு சந்தையை மூடிவிட்டார்கள் இல்லையா, அதற்குக் கொஞ்ச நாள் முன்பு. என் சின்னத் தம்பியின் ஆம்ப்புக்கு இரண்டு நாப் தேவைப்பட்டது. தரையில் விரித்த கித்தானில் ஒரு மரப்பெட்டி வால்வு ரேடியோ, அதில் தந்த நிறத்தில் இரண்டு நாப். அது மட்டும் போதும் என்றேன். பெரியவர் தர மாட்டேன் என்றார். சரியென்று ரேடியோவையே 15 வெள்ளிக்கு வாங்கி, அங்கேயே குந்தி நாப்பைப் பிடுங்கப் போனேன். அவர் என் கைமேல் கை வைத்தார். "வீட்டில் போய்ச் செய். என் கண் முன்னால் வேண்டாம்."

நாப் பொருந்தியது. ரேடியோ இன்னும் என் அலமாரிமேல் இரண்டு மொட்டைத் தண்டோடு இருக்கிறது. தூசி தட்டும்போதெல்லாம் அந்தக் கை ஞாபகம் வருகிறது.

ஈசூன் வாத்தியார்:

அக்கா, கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் அந்த ரேடியோவைக் கெடுத்திருக்கக் கூடாது. நாப் புதிதாக இன்றைக்கும் செய்கிறார்கள், அந்த ரேடியோவை யாரும் செய்யப்போவதில்லை. நான் என் ஆம்ப்புக்கு கோழித்தலை நாப் (மூக்கு நீட்டிய நாப்) போட்டேன், வேலை முடிந்தது.

புதிதாகத் தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் காலிப்பரால் தண்டின் விட்டத்தை அளந்து பாருங்கள். பழைய அமெரிக்க, பிரிட்டிஷ் ஆம்ப் என்றால் பெரும்பாலும் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. ஜப்பான் சாமான் 6 மி.மீ. அந்த 0.35தான் எல்லா வம்புக்கும் காரணம். பிளந்த, பல் வெட்டிய தண்டு என்றால் அழுத்தி மாட்டும் நாப். பல் எண்ணிக்கையும் 18, 24 என்று மாறும், எண்ணிப் பார்த்து வாங்குங்கள். முழுத் தண்டு என்றால் ஸ்க்ரூ வைத்தது மட்டுமே.

நம் ஊர் ஈரக் காற்றில் அந்தச் சின்ன ஸ்க்ரூ துருப்பிடித்துத்தான் இருக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள், அவசரப்பட்டால் தலை வழுக்கிவிடும். அழுத்தி மாட்டிய நாப்பை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், முகப்புத் தகடு கீறிப்போகும். ஒரு ஷூ லேஸை நாப்புக்குப் பின்னால் சுற்றி நேராக இழுத்தால் வந்துவிடும். மாட்டும்போது தண்டை இடப்பக்கம் கடைசிவரை திருப்பி, 1 குறிக்கு நேராக வந்த பிறகே ஸ்க்ரூவை முடுக்குங்கள்.

இன்னொன்று, நாப் மாற்ற பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வால்வு ஆம்ப்பின் கண்டென்சரில் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) 400 வோல்ட்டுக்கு மேல்கூட நிற்கும். உயிர் போகும் விஷயம்.

உட்லண்ட்ஸ் டெலி:

வாத்தியார் ஐயா, மற்றதெல்லாம் சரி, கோழித்தலையை ஒப்புக்கொள்ள முடியாது. ஐம்பதுகளின் ட்வீட் (துணி ஒட்டிய) ஃபெண்டருக்கு அது சரி, அங்கே எண் 1 முதல் 12 வரை தகட்டில் இருக்கும், நாப்பின் மூக்கு எண்ணைக் காட்டும். காலாங் தம்பியின் ஆம்ப்பில் எண் நாப்பின்மேலேயே இருக்கிறது. அங்கே கோழித்தலை போட்டால் மூக்கு எதைக் காட்டும்? இருட்டு மேடையில் இரண்டு பாட்டுக்கு நடுவே பேஸை 4இல் வை என்றால் எப்படி வைப்பது?

நானும் இணையத்தில் ஆறு நாப் வாங்கி ஏமாந்தேன். என் ஜப்பான் ஆம்ப்புக்கு 6.35 துளை. திருப்பினால் நாப் வட்டமாகச் சுற்றாமல் நொண்டியது. பித்தளைத் தகட்டைத் துண்டு வெட்டிச் சுற்றி மாட்டியிருக்கிறேன்.

காலாங் கிட்டார்:

நன்றி, வாத்தியார் அண்ணே. நேற்று அளந்தேன், 6.35. ஸ்க்ரூ வைத்த நாப் ஒன்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. குறட்டுத் தடத்தின்மேல் ஸ்க்ரூ சரியாக உட்காராது, நுனியை அரம் வைத்து ராவிவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். எழுந்துபோய்த் தண்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"ராவாதே. தடத்தைத் தாண்டி உள்ளே தள்ளி மாட்டு, பிடிக்கும்."