அப்பா புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எழுதுவதை நிறுத்திவிட்டார், வழி சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு 76 வயது. ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியர், பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறார். தமிழில் தட்டச்சு செய்ய உதவும் செல்லினம் செயலி வந்த காலத்திலிருந்து கைப்பேசியில் நல்ல தமிழில்தான் எழுதுவார். என் மகன் இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கு படிக்கிறான்.

மூன்று வாரத்துக்கு முன்பு, தன் கண் அறுவை சிகிச்சை பற்றி அப்பா குடும்பப் புலனக் குழுவில் ஒரு பக்கம் எழுதினார். பேரனின் பதில், ரோமன் எழுத்தில் ஒரே ஒரு 'கே'. "சரி என்று எழுதக்கூட நேரமில்லையா?" என்று என்னிடம் போனில் கேட்டார். அதன்பிறகு குழுவில் ஒரு வரி இல்லை.

மகனிடம் அலட்சியம் இல்லை. 'தாக்' என்பதற்கு எக்ஸ், 'யாங்' என்பதற்கு ஒய்ஜி என்று மலாய்ச் சுருக்கங்களோடு வளர்ந்தவன். நானும் சுருக்கியவள்தான். ஒரு குறுஞ்செய்தியில் ரோமனில் 160 எழுத்து போகும், தமிழில் 70தான். அன்று காசை மிச்சம் பிடித்தோம்.

முழு வாக்கியமாக எழுதச் சொன்னேன். இரண்டு நாள் எழுதினான், அப்புறம் பழையபடி. குரல் பதிவு அனுப்ப வைத்தேன், அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. அவருடைய பழைய கடிதங்களில் நாளுக்கு ௳, வருடத்துக்கு ௵ என்று சுருக்கியிருந்ததையும் காட்டினேன். "அது எல்லாருக்கும் தெரிந்த குறி" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது.

மகனைத் திட்டாமல், அப்பாவைச் சங்கடப்படுத்தாமல், இருவரையும் மறுபடி எழுத வைக்க உங்கள் வீட்டில் எது கைகொடுத்தது?