ஆளில்லா ரேஸ் கார்ல கன்ட்ரோலர் (காரை ஓட்டற ப்ரோகிராம்) எழுதினவங்க அனுபவம் சொல்லுங்க

எஃப்1டென்த் தெரியும்ல, தானா ஓடற குட்டி கார் ரேஸ், நிஜ கார்ல பத்துல ஒரு பங்கு சைஸ், மேல ஒரு லைடார் (லேசர் அடிச்சு சுத்தி இருக்கறது எவ்ளோ தூரம்னு அளக்கற சென்சார்), ரிமோட் கிடையாது, 2016ல பென்சில்வேனியா யுனிவர்சிட்டில ஆரம்பிச்சது. எங்க டீம் பியூர் பர்சூட் போட்டிருந்தோம், அதாவது பாதையில முன்னாடி ஒரு புள்ளியை குறி வச்சு அதை நோக்கியே ஸ்டியரிங்கை திருப்பற முறை. மெதுவா ஓட்டறப்ப சமத்தா போச்சு, நேர் பாதையில ஸ்பீடை ஏத்தினதும் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிச்சிடுச்சு. எல்லாம் லுக்அஹெட் பண்ற வேலை, அதாவது கார் எவ்ளோ தூரம் முன்னாடி இருக்கற புள்ளியை குறி வைக்குதுங்கறது. கிட்ட வச்சா நெளியும், தூரமா வச்சா வளைவை வெட்டிக்கிட்டு போய் உள்பக்க குழாயில முட்டும் (ட்ராக் ஓரம் கட்ட ஏசி டக்ட் குழாய்தான்). ஸ்பீடுக்கு தகுந்தாப்ல தூரத்தை மாத்த சொன்னதும் அடங்கிடுச்சு. ஆனா வழவழ டைல்ஸ்ல வளைவுல வெளிய தள்ளுது, அதுக்கு என்ன பண்றீங்க?

—

ப்ரோ அது பியூர் பர்சூட்டால சரியாகாது, டயர் வழுக்கும்னே அதுக்கு தெரியாது, வீலை திருப்பின பக்கம் கார் போயிடும்னு நம்பிக்கிட்டிருக்கும். நாங்க எம்பிசிக்கு (மாடல் ப்ரிடிக்டிவ் கன்ட்ரோல்) மாறினோம். அடுத்த கொஞ்ச நேரத்துக்கு கார் எப்படி போகும்னு கணக்கு போட்டு, அதுல முதல் கமாண்டை மட்டும் அனுப்பிட்டு, திரும்ப முதல்லேந்து கணக்கு போடும். ஆனா கிரிப் நம்பரை (டயர் தரையை எவ்ளோ பிடிக்கும்ங்கறது) நிஜத்தை விட கூட்டி குடுத்தீங்கன்னா இன்னும் தைரியமா போய் இடிக்கும், பாத்துக்கங்க.

டிலேயையும் பாருங்க. எங்க லைடார் ஒரு சுத்துக்கு 25 மில்லிசெகண்ட், கார் செகண்டுக்கு 7 மீட்டர் போனா அதுக்குள்ள 17 சென்டிமீட்டர் தாண்டியிருக்கும், சர்வோ (முன் வீலை திருப்பற மோட்டார்) லேட்டு தனி. கமாண்ட் போய் சேரும்போது கார் எங்க இருக்குமோ அங்கேந்து கணக்கு போட வச்சோம், நெளியறது முக்காவாசி அதுலயே போச்சு, எம்பிசியே தேவையில்லையோன்னு கூட தோணிச்சு.

—

2020 ரோபோரேஸ் (பெரிய சைஸ் ஆளில்லா கார் போட்டி) வீடியோ பாத்தீங்களா? கார் கிளம்பின உடனே நேரா பக்கத்து சுவத்துல போய் சொருகிடும். ஸ்டியரிங் கமாண்ட்ல நாட்-எ-நம்பர் (கணக்கு தப்பினா வர்ற, நம்பரே இல்லாத மதிப்பு) வந்து ஸ்டியரிங் வலது பக்கம் லாக் ஆயிடுச்சுன்னு அப்புறம் விளக்கம் குடுத்தாங்க. எவ்ளோ பெரிய அல்காரிதம் இருந்தாலும் கடைசியா வெளிய போற நம்பரை ஒரு தடவை செக் பண்ணலைன்னா இதான் கதி. நான் மோட்டாருக்கு கமாண்ட் போற இடத்துலயே ஒரு இஃப் போட்டு வச்சிருக்கேன், நம்பர் ஒழுங்கா இல்லைன்னா த்ராட்டில் கட்.

டைல்ஸ்காரரே, எம்பிசி எல்லாம் அப்புறம், முதல்ல ஈரத்துணியால டயரை துடைச்சுட்டு ஓட்டி பாருங்க, தூசு ஒட்டினா கிரிப் பாதிகூட இருக்காது.