பெரிய அற்புதம் வேண்டாம், சின்னதாக நடந்ததைச் சொல்லுங்கள்

பனங்காட்டுக்காரன்:
ஆராதனையில் ஆண்டவர் பக்கத்தில் நிற்கிறார் என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா? நான் முதலில் சொல்லிவிடுகிறேன், மூன்று வருஷமாக உறுத்துகிறது.

தோத்திரப் பண்டிகை ஏலம் எப்படி நடக்கும் என்று திருநெல்வேலி, தூத்துக்குடி ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காணிக்கையாக வந்த வாழைத்தார், கோழி, கருப்பட்டி எல்லாம் ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடிக்கு வரும். 20 ரூபாய்க் காய் 500க்குப் போகும். எடுத்தவரே "திரும்ப விடுங்க" என்று மறுபடி ஏலத்துக்குக் கொடுப்பார். அந்த வருஷம் நான் கடையை மூடி நாலு மாதம் ஆகியிருந்தது. காணிக்கைக் கவரில் போட ஒன்றும் இல்லை. கொல்லையில் காய்த்த ஒரே ஒரு சுரைக்காயைத் துண்டால் துடைத்து எடுத்துப் போய், மற்றவர்கள் வைத்த தார்களுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிற மாதிரி வைத்தேன்.

ஏலத்தில் அதன் முறை வந்தது. 100, 200 என்று ஏறி 1,800இல் நின்றது. ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். எடுத்தவர் யார் என்று பார்த்தால், நான் 70,000 ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தவர். இரண்டு மாதமாக அவர் தெருப் பக்கமே நான் போகவில்லை. காயைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கி நேராக என்னிடம் வந்தார். என் கையில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. காம்பில் என் துண்டின் சிவப்பு நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த நொடியில் உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆண்டவர் இந்த மரத்தடியில்தான் நிற்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது வேறு மாதிரித் தோன்றியது. ஊர் முன்னால் குத்திக்காட்டினாரோ? இன்றுவரை தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைக்காரி:
குவைத்தில் நர்ஸாக இருக்கிறேன். இங்கே விடுமுறை வெள்ளிக்கிழமை, அதனால் எங்களுக்கு அதுதான் ஞாயிறு. சிட்டிக்குள் பல சபைகள் கூடும் அந்தச் சர்ச் காம்பவுண்டு போனவர்களுக்குத் தெரியும். ஒரு ஹாலில் தமிழ், பக்கத்தில் மலையாளம், அந்தப் பக்கம் அரபி, பிலிப்பைன்ஸ்காரர்கள், எத்தியோப்பியர்கள். பாஸ்டர் கடைசி ஜெபத்தை இழுத்தால் அடுத்த சபை பைபிளோடு வாசலில் வந்து நிற்கும்.

அன்று நைட் ட்யூட்டி முடிந்து நேராக வந்தேன். வருகிற வழியில் ஊருக்கு வீடியோ கால் போட்டேன். அம்மாவிடம் வளரும் என் மகள் திரையைப் பார்த்து, "யாரு ஆச்சி இது?" என்று கேட்டாள். இரண்டு வயது. அதற்குப் பிறகு எந்தக் கதவைத் திறந்தேன் என்றே ஞாபகம் இல்லை. உட்கார்ந்த பிறகுதான் பார்க்கிறேன், பெண்கள் எல்லாரும் வெள்ளைச் சால்வை போர்த்தியிருக்கிறார்கள். எத்தியோப்பியர்கள் சபை. ஒரு வார்த்தை புரியவில்லை. எழுந்து போகக் காலில் தெம்பும் இல்லை.

கண்ணை மூடினது தெரியும். விழித்தபோது பக்கத்து அம்மாள் தோளில் என் தலை, என் மேல் அவள் சால்வையில் பாதி. அவள் என்னைத் தாங்கிக்கொண்டே, தோளை அசைக்காமல், வலது கையை மட்டும் உயர்த்திப் பாடிக்கொண்டிருந்தாள். ஆராதனையில் தூங்கியதைச் சாட்சியாகச் சொல்லலாமா என்று தெரியாததால் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஜெபவீரன் 77:
கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எனக்கு 3 லட்சம் கடன் இருந்தது, 21 நாள் உபவாசம் இருந்தேன், தீர்ந்தது. ஆமென்.

இப்போது உங்களுக்கெல்லாம் சில காரியங்கள் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுரைக்காய் பிரதர், வட்டிக்கு வாங்கியதே தவறு, அங்கேதான் கதவு அடைந்தது. முதலில் தசமபாகத்தை, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கையை, சரிசெய்யுங்கள். காலை 4 மணிக்கு எழுந்து போனை அணைத்து வையுங்கள், தொடக்கூடாது. 1,000 ஸ்தோத்திரப் பலி, அதாவது ஒவ்வொன்றாக ஸ்தோத்திரம் என்று சொல்லித் துதிப்பது, சொல்லுங்கள், எண்ணிக்கை தவறினால் பரவாயில்லை, நிறுத்தாதீர்கள். உபவாசத்துக்குப் புதிது என்றால் முதல் வாரம் ஒருவேளை மட்டும் விடுங்கள், தண்ணீர் குடிக்கலாம், காபி கூடாது. குவைத் சிஸ்டர், அப்போஸ்தலர் 20இல் ஐத்திகு என்கிற வாலிபன் பிரசங்க நேரத்தில் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்ததை மறக்க வேண்டாம். ட்யூட்டி முடிந்து முகம் கழுவி, அரைமணி முன்னதாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தால் தூக்கம் வராது. கர்த்தர் துதிகளுக்குள் வாசம்பண்ணுகிறவர், சங்கீதம் 22:3. நாம் துதித்தால் அவர் வருவார், துதிக்காவிட்டால் எப்படி வருவார்? சத்தமாகத் துதியுங்கள். வீட்டுக்காரர் எதிர்த்தால் மொட்டைமாடிக்குப் போங்கள்.

நாலாம் வார்த்தை:
ஐத்திகுவைப் பவுல் திட்டினதாக எங்கே எழுதியிருக்கிறது? இறங்கிப் போய் அணைத்துக்கொண்டார். அப்புறம் மேலே ஏறி அப்பம் பிட்டுச் சாப்பிட்டு விடியும்வரை பேசினார். நர்ஸ் தங்கச்சி, நீங்கள் தூங்கியது சரியான இடம்.

அடுத்தது 22:3. பாட்டு நடத்துகிறவர்கள் எல்லாரும் எடுக்கிற வசனம்தான். இரண்டு வசனம் மேலே போய்ப் பாருங்கள், அந்தச் சங்கீதம் எப்படி ஆரம்பிக்கிறது? "ஏன் என்னைக் கைவிட்டீர்." துதிகளுக்குள் வாசமாயிருக்கிறவரைப் பார்த்துத்தான் அந்த ஆள் கத்துகிறான். சிலுவையில் இயேசு எடுத்ததும் அந்த முதல் வரியைத்தான்.

இதை நான் வேதாகமக் கல்லூரியில் படிக்கவில்லை. எங்கள் கோயிலில் பெரிய வெள்ளி, 12 மணியிலிருந்து 3 மணி வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பேசுவார்கள். நாலாவதுதான் இந்த "ஏன் என்னைக் கைவிட்டீர்." அந்த வருஷம் அது எங்கள் சபை ஊழியர் உபதேசியாருக்கு. அவர் மகனை பைக் விபத்தில் பறிகொடுத்து 11 நாள்தான் ஆகியிருந்தது. வேறு ஆளைப் போடலாம் என்று எங்கள் போதகர் ஐயர் சொல்லியும் கேட்கவில்லை. ஏறினார். வசனத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்து மறுபடி போட்டார். "இதுக்கு மேல எனக்குத் தெரியலை" என்றார். இறங்கிவிட்டார்.

மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அடுத்த பாட்டை எடுக்க வேண்டிய ஆர்கன்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. இருமலுக்குப் பெயர்போன என் பெரியப்பாகூட இருமவில்லை. 30 வருஷம் கோயிலுக்குப் போயிருக்கிறேன், அன்றைக்குத்தான் அங்கே ஆள் இருப்பதாகத் தெரிந்தது.

ஜெபவீரன் 77:
வசனத்தை நான் தவறாகச் சொல்லவில்லை. விசுவாசத்தைக் குறைத்துப் பேசுவது நல்லதல்ல.

அரிசி டின்:
நான் வாதாட வரவில்லை. டிசம்பர் 31 நடுராத்திரி ஆராதனையில் தாம்பாளத்தில் வாக்குத்தத்த அட்டை, வருகிற வருஷத்துக்கு ஆளுக்கொரு வசனம், எடுப்போம் இல்லையா, நாலு வருஷம் முன்னால் எனக்கு வந்தது ஏசாயா 54:1. "பிள்ளைபெறாத மலடியே, மகிழ்ந்து பாடு." மாமியார் பக்கத்திலிருந்து எட்டிப் படித்து அல்லேலூயா சொன்னார். அந்த அட்டை அரிசி டின்னுக்குள் கிடக்கிறது. தூக்கிப்போடவும் முடியவில்லை. நாலு வருஷம், இரண்டு கருக்கலைவு. நான் காலை 4 மணிக்கு எழவில்லை என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள், எழுந்தேன்.

போன டிசம்பரில் ஐயர் தாம்பாளத்தை நீட்டியபோது நான் கையை நீட்டவில்லை. வரிசை நின்றது. பின்னால் இருந்த அக்கா முழங்கையால் இடித்தாள். ஐயர் தாம்பாளத்தை இடது கைக்கு மாற்றினார், வலது கையை என் தலையில் வைத்தார், ஜெபம்கூடப் பண்ணவில்லை, அடுத்த ஆளுக்கு நகர்ந்தார். கை சூடாக இருந்தது. அவ்வளவுதான்.

ரெண்டாம் மணி:
அரிசி டின் தங்கச்சி, உனக்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. படித்தேன், அதை மட்டும் சொல்கிறேன்.

என் மகனுக்கு ஆட்டிசம், 9 வயது. மைக் சத்தம் வந்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற பார்வை எனக்கு மனப்பாடம். ஒருநாள் ஒரு பெரியவர், "பிள்ளையை வீட்டில் விட்டுட்டு வாங்களேன், நிம்மதியா ஆராதிக்கலாம்" என்றார். அப்புறம் ஒன்றரை வருஷம் நாங்கள் போகவில்லை.

மறுபடி போனது உறவுக்காரர் கல்யாணத்துக்கு. கத்த ஆரம்பித்ததும் வெளியே தூக்கிக்கொண்டு ஓடினேன். கோயிலைப் பார்த்துக்கொள்கிற எங்கள் கோயில்குட்டியார் மணிக்கூண்டுக்குக் கீழே பீடியை அணைத்துக்கொண்டிருந்தார் (அதை யாரும் பெரிதாக்க வேண்டாம்). இவனைப் பார்த்தார். கயிற்றை நீட்டினார். அந்தக் கயிறு அவன் மணிக்கட்டைவிடத் தடி. மைக்குக்குக் காதைப் பொத்துகிற பிள்ளை மணிக்கு என்ன செய்யுமோ என்று நான் நடுங்கினேன். அவன் இழுத்தான். மேலே டாங் என்றதும் வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்த்தான். கயிறு மேலே போகும்போது அவனையும் அரையடி தூக்கியது. சிரித்தான்.

இப்போது ஞாயிறு ஆராதனைக்கு அடிக்கிற ரெண்டாம் மணி அவனுடையது. அடித்து முடித்ததும் வீட்டுக்குப் போய்விடுவோம், உள்ளே போவதில்லை. ஆராதனைக்குப் போனோமா இல்லையா என்று மாமனார் வாராவாரம் கேட்கிறார்.

பனங்காட்டு அண்ணா, அந்தச் சுரைக்காயை என்ன செய்தீர்கள்?

கரையோரம்:
நாங்கள் கத்தோலிக்கர், நாகப்பட்டினம் பக்கம். மேலே துதித்தால்தான் வருவார் என்று ஒருத்தர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை, அது மாதாவின் புதுமை என்று இன்றும் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருப்பேன். ஆனால் அன்று ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். பூசை பார்த்துவிட்டுக் கடலில் கால் நனைக்கப் போன யாத்திரிகர்கள் எத்தனை பேர் திரும்பவில்லை? அவர்களும் துதித்துவிட்டுத்தானே போனார்கள்?

அடுத்த ஞாயிறு முகாமில் பூசை. கல்யாண மண்டபம், பந்தி மேசையில் பீடம், பிளீச்சிங் பவுடர் வாடை. சாமியார் கையை விரித்து, "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார். பதில் வரவில்லை. நான் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டேன். மறுபடி சொன்னார். மூலையில் பாயில் கிடந்த ஒரே ஒரு கிழவி பதில் சொன்னாள். எங்கள் தெருக்காரி, இரண்டு பேரனையும் இழந்தவள். படுத்தபடியே, கோபத்தில் சொன்ன மாதிரி இருந்தது. சாமியார் அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அவளுக்காக மட்டும் பூசை வைக்கிறவர்போலத் தொடர்ந்தார். நற்கருணைக்கு நாங்கள் எல்லாரும் வரிசையில் நின்றோம். ஏன் நின்றேன் என்று என் மனைவி இன்றும் கேட்பாள்.

பனங்காட்டுக்காரன்:
எல்லாவற்றையும் படித்தேன். ஜெபவீரன் பிரதர், வட்டி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான், கோபமில்லை. கடன் போன மாதம் அடைந்தது, கடைசித் தவணையை வாங்கும்போதும் அவர் எண்ணிப் பார்த்தாரே ஒழியப் பேசவில்லை.

சுரைக்காயை என்ன செய்தோம் என்று கேட்ட அக்காவுக்கு: இரண்டு நாள் அடுப்படி மூலையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அப்புறம் என் மனைவி கடலைப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தாள். ஒரு தூக்கில் ஊற்றி அவர் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். தூக்கு இன்னும் திரும்பி வரவில்லை. கேட்கலாம் என்கிறாள் அவள், நான்தான் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.