சார்ஜர் விளக்கு விடியும்வரை சிவப்பாகவே இருக்கிறது, பேட்டரி சுடுகிறது – அவசரம்

அல்சூர்க்குளம் | இரவு 11:42
வணக்கம். சார்ஜரில் போட்ட பேட்டரி கையில் பிடிக்க முடியாதபடி சுடுகிறது. நேற்று இரவு முழுவதும் போட்டும் பச்சை விளக்கு வரவில்லை. போன வாரம்தான் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கினேன். இன்றும் போட்டுவிட்டுத் தூங்கலாமா? உடனே யாராவது சொல்லுங்கள்.

மின்கம்பி | 11:47
தூங்குவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு சொல்லுங்கள்: என்ன பேட்டரி, என்ன சார்ஜர், எந்தக் கருவிக்கு?

சிவாஜிநகர்வாசி | 11:51
வீட்டு மின்னழுத்தம்தான் காரணம். எங்கள் தெருவில் போன மாதம் அது ஏறி, என் மிக்ஸி புகைந்தது. ஸ்டெபிலைசர் வாங்கி வையுங்கள்.

ஓமின் சீடன் | 11:58
சார்ஜரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று அச்சிட்டிருக்கும். மிக்ஸியின் கதை வேறு. கேட்டவருக்கு ஒரு வார்த்தை: காரில் இருப்பதும் பேட்டரிதான், கைக்கடிகாரத்தில் இருப்பதும் பேட்டரிதான். கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்று இந்த மன்றத்தின் முகப்பில் மூன்று ஆண்டுகளாக ஒரு குறிப்பு இருக்கிறது. எழுதியவன் நான்தான். ஒருவராவது படித்ததாகத் தெரியவில்லை.

அல்சூர்க்குளம் | 12:04
மன்னிக்கவும் ஐயா. 18650, 9,900 எம்.ஏ.எச்., ஜோடி 300 ரூபாய். சார்ஜர் அதே கடையில் 120 ரூபாய், சுவரில் நேராகச் செருகுவது. கருவி என் நண்பருடையது.

மின்கம்பி | 12:06
நண்பருடைய எந்தக் கருவி? டார்ச்சா?

பீன்யா அக்கா | 12:21
தம்பி, மின்சைக்கிள் பேட்டரி கட்டும் பட்டறையில் இருக்கிறேன், தினமும் இதே உருளைப் பேட்டரிதான் கையில், நாங்கள் செல் என்போம். 18650 என்றால் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். அந்த உடலுக்குள் பெரிய கம்பெனிகளாலேயே 3,500 எம்.ஏ.எச். அளவுக்குத்தான் மின்சாரத்தை அடைக்க முடிகிறது. 9,900 என்று உறையில் போட்டிருந்தால் அந்த ஒரு எண்ணே அது போலி என்பதற்குச் சாட்சி. காலையில் எடை போட்டுப் பாருங்கள். நல்ல செல் 45 முதல் 50 கிராம் இருக்கும். பிளஸ் முனையைச் சுற்றிய உறை கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தகர உடல் முழுவதும் மைனஸ். பிளஸ்ஸிலிருந்து அதைப் பிரிப்பது அந்த மெல்லிய உறையும் ஒரு சிறு வளையமும்தான்.

அல்சூர்க்குளம் | காலை 8:15
கீழே மளிகைக் கடையில் ஏலக்காய் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்று 29 கிராம், இன்னொன்று 31. கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒன்றில் பிளஸ் முனைக்கு அருகே உறை அரிசி அளவு கிழிந்திருக்கிறது. கருவி வேப், அதாவது இ-சிகரெட், இரண்டு செல் போடுவது, 80 வாட். நண்பர் துபாயிலிருந்து கொண்டுவந்தார்.

ஓமின் சீடன் | 8:22
ஒன்பது மணி நேரம் கழித்து உண்மை வெளியே வருகிறது.

கோரமங்கலா பார்வையாளர் | 8:30
இ-சிகரெட் 2019லேயே தடை செய்யப்பட்டது. செப்டம்பரில் அவசரச் சட்டம், டிசம்பரில் சட்டம். இங்கே இதற்கெல்லாம் உதவலாமா?

நள்ளிரவுப் பறவை | 8:41
தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, எடுத்துச் செல்வது, விற்பனை, விநியோகம், விளம்பரம், இருப்பு வைப்பது ஆகியவைதான் தடைப் பட்டியலில் இருக்கின்றன. பயன்படுத்துவது என்ற சொல்லே அதில் இல்லை.

கோரமங்கலா பார்வையாளர் | 8:44
துபாயிலிருந்து பெட்டியில் வந்தது இறக்குமதி இல்லையா?

நள்ளிரவுப் பறவை | 8:46
கொண்டுவந்தவர் அவருடைய நண்பர். சட்டைப் பையில் கிடக்கும் ஒன்று "இருப்பு" ஆகுமா?

கோரமங்கலா பார்வையாளர் | 8:47
அதை நீதிபதியிடம் சொல்லுங்கள்.

சிவாஜிநகர்வாசி | 8:59
கைபேசியின் 67 வாட் சார்ஜரை அந்தக் கருவியில் செருகியிருப்பார். அதனால்தான் செல் வெந்துபோயிருக்கிறது.

ஓமின் சீடன் | 9:03
கருவி கேட்காமல் அந்த சார்ஜர் 5 வோல்ட்டைத் தாண்டாது. இதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

பீன்யா அக்கா | 9:20
வழக்காடுவதை இன்னொரு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். வேப்பை விட்டுவிடு என்று என் தம்பியாக இருந்தால் சொல்லியிருப்பேன், உங்களுக்கும் அதேதான். ஆனால் அதைவிட அவசரமானது, இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் அந்த இரண்டு செல்கள். இனி சார்ஜ் செய்யாதீர்கள். இரு முனைகளிலும் டேப் ஒட்டி, தனித்தனியாக, எரியக்கூடியது எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வையுங்கள். குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

80 வாட்டை இரண்டு செல் பகிர்ந்தால் ஒன்றுக்கு 40. சார்ஜ் இறங்கி 3.2 வோல்ட்டுக்கு வரும்போது அது 12.5 ஆம்பியர், கருவிக்குள் வீணாவதையும் சேர்த்தால் 14ஐ நெருங்கும். எம்.ஏ.எச். என்பது தொட்டியின் கொள்ளளவு, ஆம்பியர் என்பது குழாயின் அகலம். டார்ச்சுக்கு விற்கும் நல்ல 3,400 செல்கூட இந்த வேகத்தைத் தாங்காது. தொடர்ந்து 15, 20 ஆம்பியர் தரும் செல்கள் பெரும்பாலும் 2,500, 3,000தான் இருக்கும். பெட்டியில் இருக்கும் எண் சின்னதாக இருக்கிறதே என்று கடைக்காரரிடம் பேரம் பேசாதீர்கள்.

செல் இரண்டையும் ஒரே நாளில் வாங்கி, ஜோடியாகவே சார்ஜ் செய்து, ஜோடியாகவே போட வேண்டும். தொடரிணைப்பில் ஒன்று முந்திக் காலியானால் மற்றது அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ளி அதைக் கெடுத்துவிடும். சட்டைப் பையில் சாவியோடு போட்டுக்கொண்டு திரிய வேண்டாம். சார்ஜரைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. யாரிடமாவது மல்டிமீட்டர் வாங்கி, சார்ஜரிலிருந்து எடுத்ததும் எத்தனை வோல்ட் இருந்தது என்று... இல்லை, மறுபடியும் போடாதீர்கள். இப்போது இருப்பதை மட்டும் அளந்து சொல்லுங்கள்.

மின்கம்பி | 9:34
அக்கா சொல்வதோடு ஒன்று. செல் நிறைந்ததும், அதாவது 4.20 வோல்ட்டில், தானே நிற்கும் சார்ஜர் வாங்குங்கள். ஒவ்வொரு செல்லுக்கும் வோல்ட்டைத் தனியாகக் காட்டும் திரை இருந்தால் நல்லது. தலையணைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

சிவாஜிநகர்வாசி | 9:50
ஸ்டெபிலைசர் இருந்தால் நஷ்டம் என்ன?

அல்சூர்க்குளம் | மறுநாள், இரவு 10:10
மல்டிமீட்டர் 4.34 வோல்ட் காட்டியது. செல்களைக் கொடுத்துவிட்டேன். நன்றி அக்கா.

பீன்யா அக்கா | 10:16
ஒரு இரவு கழிந்த பிறகும் 4.34 என்றால் சார்ஜர் நிறுத்தத் தெரியாமல் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. செல்களைக் கொடுத்தீர்கள், சரி. சார்ஜர் எங்கே?

பீன்யா அக்கா | இரண்டு நாள் கழித்து
தம்பி, சார்ஜர்?