பெண்கள் சபையில் பேசக்கூடாது என்ற பிரசங்கத்தை அந்தக் காலத்தில் யாரும் எதிர்க்கவில்லையா?

கேள்வி (சுங்கை சிப்புட்):
போன ஞாயிறு எங்கள் தோட்டத்துச் சபையில் 1 கொரிந்தியர் 14:34 பிரசங்கம். "சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்" என்று வாசித்தபோது, விடிகாலையில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்து, இதே சபையில் ஜெபக்கூட்டமும் நடத்துகிற அக்காமார் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. அந்தக் காலத்து ஐரோப்பாவில் இதைக் கேட்ட பெண்கள் சும்மாவா இருந்தார்கள்?

பதில் 1:
சும்மா இருக்கவில்லை தங்கச்சி. லண்டன் பிளாக்ஃபிரையர்ஸ் சபையில் போதகராக இருந்த வில்லியம் கூஜ், மனைவியின் பேச்சு குறைவாகவும் பணிவாகவும் இருக்கணும் என்று போதித்தவர். கணவன் சம்மதமில்லாமல் குடும்பச் சொத்தில் கை வைக்கக்கூடாது என்று அவர் பிரசங்கித்ததற்குச் சபையில் பலத்த எதிர்ப்பு. 1622இல் அந்தப் பிரசங்கங்கள் புத்தகமாக அச்சில் வந்தபோது, அந்த எதிர்ப்பைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார்.

பதில் 2:
அதற்கும் முன்னால், 1548இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் கத்தரீனா ஷுட்ஸ் செல் தன் கணவர் அடக்கத்தில் கூட்டத்தார் முன் நின்று பேசினார். அப்புறம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மார்கரெட் ஃபெல், சிறையில் இருந்தபடியே 1666இல் பெண்கள் பேசலாம் என்று அச்சிட்டார். அதே நிருபத்தில் 11:5 பாருங்கள், ஜெபம்பண்ணுகிற, தீர்க்கதரிசனம் சொல்லுகிற ஸ்திரீயைப் பற்றிச் சொல்கிறதே!

கேள்வி கேட்டவர்:
சரிண்ணே, 11:5 போதும். வெள்ளிக்கிழமை வேதபாடத்தில் போதகர் ஐயாவிடம் இதையே கேட்கிறேன், அக்காமாரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.