சைடுமவுண்ட் பயிற்சி: வள்ளத்தில் இருந்து சிலிண்டர் இறக்க யோசனை வேணும்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, உவரிப் பக்கம் ஃபைபர் வள்ளத்தில் வச்சு சைடுமவுண்ட் (முதுகில் இல்லாம உடம்பின் ரெண்டு பக்கமும் சிலிண்டர் மாட்டி முங்குறது) சொல்லிக்கொடுக்க ஏற்பாடு நடக்கு. வர்றவங்க எல்லாரும் ஸ்கூபா சான்றிதழ் உள்ளவங்கதான், ஆனா முதுகில் ஒத்தை சிலிண்டர் மாட்டிப் பழகினவங்க.

நீச்சல்குளப் பாடத்தில் குழப்பமில்லை. வலது சிலிண்டரில் 2 மீட்டர் நீளக் குழாய், இடதில் குட்டைக் குழாய், அதன் ரெகுலேட்டர் (வாயில் வச்சு மூச்சிழுக்கிற கருவி) கழுத்து ரப்பரில். சிலிண்டர் அழுத்தம் 30 பார் குறையுறதுக்கு ஒருதரம் மூச்சிழுக்கிற பக்கம் மாத்தணும். 11 லிட்டர் சிலிண்டரில் அது சுமார் 400 கிராம் காத்து. மாத்தாம விட்டா உடம்பு சாயும், ஒரு பக்கம் பழுதானா மறுபக்கத்துக் காத்து மேலே வரப் போதாமப் போகலாம். அலுமினிய சிலிண்டர் காலியாக ஆக அடிப்பக்கம் தூக்கும். கீழ்க் கொக்கியை இடுப்பின் முன்வளையத்துக்கு மாத்தணும். ரெகுலேட்டர் பொங்கினா (காத்து நிக்காம கொட்டினா) முதல்ல வாயில் மறுபக்கத்தை வச்சு மூச்சு இழுத்துப் பார்த்த பிறகே வால்வை அடைக்கணும். பதட்டத்தில் மூச்சுவிடுற பக்கத்தையே அடைச்சிருவாங்க, அதான் பெரிய ஆபத்து.

கேள்வி இதுதான்: அலையாட்டத்தில் ரெண்டு சிலிண்டரையும் கயித்தில் இறக்கித் தண்ணியில் மாட்டுறதா, இடதை வள்ளத்திலேயே மாட்டிட்டு வலதை மட்டும் இறக்குறதா? இடக்கை, வலக்கை வால்வு ஜோடி (திருகு ஒன்னுக்கொன்னு எதிர்ப்பக்கமா அமைஞ்சது) தூத்துக்குடியிலோ கொச்சியிலோ கிடைக்குமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.