டால்பின் விசில் பதிவு 24 கிலோஹெர்ட்ஸில் வெட்டுப்படுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். ஊர் மலேசியாவின் பாகான் செராய். பதிவெடுப்பது குவாலா குலா முகத்துவாரத்தில், சம்பான் (சிறு படகு) எஞ்சினை நிறுத்திவிட்டு. கருவிகள்: ஹைட்ரோபோன் (நீருக்கடி மைக்), அதைப் போனோடு இணைக்கும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், ஆண்ட்ராய்டு 12 போன். கோப்பின் மாதிரி வீதம் (சாம்பிள் ரேட்) 96 கிலோஹெர்ட்ஸ் என்றே காட்டுகிறது; அதில் பாதி, 48 வரை ஒலி பதிய வேண்டும். ஆனால் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (அதிர்வெண் படம்) பார்த்தால் 24க்கு மேல் ஒன்றுமே இல்லை. விசிலின் அடிப்படை அதிர்வெண் கோடு வளைந்து ஏறுகிறது, அதன் மடங்காக மேலே வரும் ஹார்மோனிக் பாதியில் அறுந்து நிற்கிறது. டால்பினைக் குறை சொல்ல முடியாது. சொடுக்கு இறாலின் படபடப்பும் அதே கோட்டில்தான் நிற்கிறது.

கேபிள் மாற்றியாயிற்று, லோ-கட் (தாழ் ஒலி வடிகட்டி) அணைத்தாயிற்று, எம்பி3 விட்டு வேவுக்கும் வந்தாயிற்று. அதே இன்டர்ஃபேஸ் மடிக்கணினியில் 40 வரை ஒழுங்காகப் போகிறது. ஆக, போன்தான் உள்ளுக்குள் மாதிரி வீதத்தை 48க்குக் குறைத்து மறுபடி 96 ஆக்குகிறது; 48இன் பாதிதான் அந்த 24. உப்புத்தண்ணீர் தெறிக்கும் சம்பானில் மடிக்கணினி சரிப்படாது.

ஆண்ட்ராய்டின் இந்த மாற்றத்தில் சிக்காமல், இன்டர்ஃபேஸிலிருந்து நேரே 96இல் பதிவெடுக்கும் செயலி எது?